ஒழுக்கமும் பண்பும்: திருப்தி

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். 'மாணவர்களை நல்ல குடிமக்களாக்குவதில் கல்வியின் பங்கு' என்பது தலைப்பு. பேராசிரியர்கள் எல்லோரும் எழுதித் தந்துவிட்டார்கள், அலுவலகத்திலிருந்தும் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும், நீங்கள் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர் என்று, இப்போது என் நாற்காலியில் இருக்கும் கண்காணிப்பாளர் போனில் கேட்டார். போனை வைப்பதற்கு முன் தன் சொந்தச் சந்தேகம் ஒன்றையும் கேட்டார். மாற்றுச் சான்றிதழ் இப்போது கம்ப்யூட்டரில்தான் தயாராகிறது. 'ஒழுக்கமும் பண்பும்' என்ற கட்டத்தை அமுக்கினால் இரண்டே சொற்கள் வருகின்றனவாம். நன்று, திருப்தி. "ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டும் நல்ல வார்த்தையாத்தான இருக்குது?" என்றார்.

மலருக்குக் கேட்ட கட்டுரைக்கும் அவர் கேட்ட சந்தேகத்துக்கும் என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும்.

எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். பதிவறை எழுத்தராகச் சேர்ந்தேன். தட்டச்சு, தபால், பதிவேடு என்று பத்து வருடம் ஓடியது. அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு இளநிலை உதவியாளர், உதவியாளர், கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர். மாணவர்களுக்கு நான் 'சூப்பிரண்டு சார்'. எங்கள் கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகள்தான் அதிகம் படித்தார்கள். பாதிப் பேர் அவரவர் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

மாற்றுச் சான்றிதழ் எழுதுவது தனி வேலை. பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். நூலகப் புத்தகம் திரும்பிவிட்டதா, ஆய்வகச் சாமான் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. இவ்வளவு பார்த்து எழுதுகிற நாங்கள் கடைசிக் கட்டத்தை மட்டும் யோசித்து எழுதியதே இல்லை. சான்றிதழ்களைக் கட்டாக வைத்துக்கொண்டு, உண்ட மயக்கத்தில் 'நன்று, நன்று, நன்று' என்று போட்டுக்கொண்டே போவோம். பஸ் கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று, பரீட்சையில் பிட் அடித்தவனுக்கும் நன்று. எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

'திருப்தி' வேறு. வெளியாள் பார்த்தால் நல்ல சொல். இந்த ஆளைப் பற்றி எழுத்தில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது, சேர்ப்பதற்கு முன் எங்களைக் கேள் என்று ஒரு கல்லூரி அலுவலகம் இன்னொரு கல்லூரி அலுவலகத்துக்குச் சொல்லும் சேதி அது. எந்த விதியிலும் கிடையாது, எந்த அரசாணையிலும் கிடையாது. எனக்கு முன்பிருந்தவர் எனக்குச் சொன்னார். நான் எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சொல்லவில்லை. என் சர்வீசில் நான் செய்த ஒரே சமூக சேவை அதுதான்.

அப்போது கல்லூரி முதல்வராக இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்கு முன்பிருந்தவர்கள் எங்களை நிற்க வைத்தே பேசியவர்கள். இவர் உட்காரச் சொல்வார். சுகர் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பார். பியூனை அனுப்பி மோர் வரவழைப்பார். மேஜையில் சீவிய பென்சில் ஒன்றும் ரப்பர் ஒன்றும் எப்போதும் இருக்கும். கோப்பில் பேனாவால் எழுத மாட்டார். ஓரத்தில் 'பேசவும்' என்று பென்சிலில் எழுதி அனுப்புவார். போனால் உத்தரவை வாயால் சொல்வார். சொல்லி முடித்ததும் அந்தப் 'பேசவும்' என்பதையும் தம் கையாலேயே அழித்து, தூளை ஊதிவிட்டு, கோப்பைத் திருப்பித் தருவார். உத்தரவின்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது நானாக இருக்கும். எவ்வளவு தங்கமான மனிதர் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். புத்தி அவ்வளவுதான்.

குமுதா அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பா இல்லை, அம்மா உப்பளத்தில் கூலி வேலை. வகுப்பில் அவள் எப்படியோ, என் கவுன்டரில் அவள் ஒரு தொல்லை. எந்த விண்ணப்பம் என்றாலும் இரண்டு பிரதி கொண்டுவருவாள். ஒன்றில் சீல் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வரை நகர மாட்டாள். பின்னால் வரிசை நீளும். காலேஜ் மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "சார்தான் கிளாஸ்ல சொன்னாரு" என்றாள்.

அந்த சார் அரசியல் அறிவியல் பேராசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரும் அவர்தான். அருமையாகப் பாடம் நடத்துவார். வராந்தாவில் போகும்போது நின்று நானே கேட்டிருக்கிறேன். மனு கொடுப்பதைக் கெஞ்சல் என்று நினைக்காதீர்கள், அரசாங்கத்தின் முதலாளியான குடிமகன் அதற்குப் போடும் உத்தரவு அது என்பார். கிராம சபையில் நீ ஒரு வார்த்தை பேசினால் அது சட்டசபைப் பேச்சுக்குச் சமம் என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் ஒருநாள் தட்டினேன்.

அந்த வருடம் ஏழு நாள் சேவை முகாம் குமுதாவின் ஊரில் அமைந்தது. பதிவேடுகளை எழுத ஆளில்லை என்று என்னையும் கூட அனுப்பினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். சீமைக் கருவேலம் வெட்டினார்கள், குளத்தைச் சுத்தம் செய்தார்கள், வீடு வீடாகப் போய்க் குடிநீர் பற்றிக் கணக்கெடுத்தார்கள். உப்பளத் தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் புதிதாகச் சிமெண்ட் மேடை கட்டிக் குழாய் நட்டிருந்தார்கள். தண்ணீர் வருகிறதா என்று ஒருவன் திருகிப் பார்த்தபோது குழாய் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் மண்தான் இருந்தது. அந்தத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வரும். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கும் பெண்கள் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பார்கள். எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். படிவங்களை நான் பத்திரமாகக் கட்டி வைத்தேன்.

ஐந்தாம் நாள் குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கிராம சபைக் கூட்டம். ஊர்க்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் வந்திருந்தார்கள். மழை முடிந்து உப்பளத்தில் பாத்தி மிதித்துப் பதப்படுத்தும் நேரம் அது. கொடியேற்றம் என்று போனால் அன்றைய கூலி போய்விடும். இத்தனை வாக்காளர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று சட்டம் சொல்கிறது. ஊராட்சிச் செயலாளர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். மேலே ஏழு ஊர்க்காரர்களின் கையெழுத்து இருந்தது. கீழே வெற்றுப் பக்கங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் ஒரு கையெழுத்து வாங்கித் தாருங்கள் சார் என்று என்னிடம் நீட்டினார்.

முகாம் வருகைக்கு என்று நினைத்துவிட்டேன் என்று பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. நோட்டைக் கொடுத்தால் கையெழுத்து வாங்குவது என் கைப்பழக்கம். அதையும் ஒழுங்காகச் செய்கிறவன் நான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண் எழுதினேன். ஐம்பது பேரையும் ரோல் நம்பர்ப்படி நிற்க வைத்து வாங்கினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. குமுதாவும் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

செயலாளர் தீர்மானங்களை மளமளவென்று வாசித்தார். உப்பளத் தெரு உட்பட எல்லா வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்து முடிந்ததைச் சபை ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறது என்று ஒன்றை வாசித்தபோது குமுதா எழுந்துவிட்டாள். "நான் இந்த ஊரு ஓட்டர். எங்க வீட்டுல குழா இருக்குது, தண்ணி இல்ல. இந்தத் தீர்மானத்துக்கு என்னோட ஆட்சேபணைய எழுதிக்கோங்க" என்றாள்.

நீ முகாமுக்கு வந்த பெண்தானே, உட்கார் என்றார் செயலாளர். அவள் உட்காரவில்லை. நேராக மேஜைக்கு வந்து நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம், அடுத்த பக்கம். பிறகு கூட்டத்தைப் பார்த்து நிதானமாகத்தான் பேசினாள்.

"மொத ஏழு பேரு ஊர்க்காரங்க. அதுக்குக் கீழ எல்லாம் எங்க காலேஜ் பசங்க. ரோல் நம்பர் வரிசையில இருக்குது. ஊரு ஜனம் ரோல் நம்பர் வரிசையிலயாங்க வந்து கையெழுத்துப் போடும்?"

சிரிப்பு வெடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வேலையிலிருந்து எட்டிப் பார்க்க வந்த அவள் அம்மா முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு ஓரமாக நின்றிருந்தார். "உனக்கு ஏன்டி இந்த வேல, வாடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். போதிய வாக்காளர்கள் இல்லாததால் கூட்டத்தை ஒத்தி வைக்க வேண்டும், அதைப் பதிவு செய்யுங்கள் என்று குமுதா கேட்டாள். வேறு வழியில்லாமல் ஒத்தி வைத்தார்கள். நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டது. அவர் மைக் செட்டின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டைப் பார்த்து, என் வரிசை எண்ணைப் பார்த்துச் சிரித்தது. முப்பது வருடமாக யாரும் குறை சொல்லாத கைவேலை. அதை ஒரு உப்பளத்துப் பெண் ஊர் நடுவில் தூக்கிக் காட்டிவிட்டாள் என்றுதான் அப்போது தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

முகாம் முடிந்து வந்த அன்றே முதல்வர் அழைத்தார். அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கல்லூரிக்கு வேண்டியவர். அவர் போன் செய்திருந்தார். மோர் வந்தது. அந்தப் பெண் மேல் என்ன செய்யலாம், நடைமுறை என்ன என்று முதல்வர் கேட்டார். நான் சொன்னேன். முதலில் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் மூன்று பேராசிரியர்கள் கொண்ட விசாரணைக் குழு. குழுவின் அறிக்கை ஆசிரியர் மன்றத்துக்குப் போகும். அங்கே முடிவெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

முதல்வர் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். "குழு போட்டா மொதல்ல கேக்கிற கேள்வி என்னவா இருக்கும்? கையெழுத்த யாரு வாங்கினதுன்னுதான கேப்பாங்க?"

மோரைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானே சொன்னேன். "விசாரணை வேணாம் சார். டிசியில பாத்துக்கலாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"இல்ல சார். நான்தான் சொல்றேன்."

எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் அன்று அவர் ரப்பரை எடுக்க வேண்டிய வேலைகூட இல்லை. சஸ்பெண்டு ஆகாமல் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம், படிப்பை முடித்துவிட்டு நல்லபடியாகப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மே மாதம் சான்றிதழ்கள் எழுதினோம். நாற்பது 'நன்று'களுக்கு நடுவில் ஒரு 'திருப்தி'. குமுதா வந்து வாங்கினாள். வழக்கம்போலக் கவுன்டரிலேயே நின்று வரி வரியாகப் படித்தாள். பெயர், தேதி, அங்க அடையாளம் எல்லாம் சரிபார்த்தாள். கடைசிக் கட்டத்தையும் படித்தாள். "எல்லாம் கரெக்டா இருக்குது சார். ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். அவள் படித்த சட்டம் எதிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் போட்டிருக்கவில்லை.

அவள் வக்கீலுக்குப் படிக்க விரும்பினாள். சென்னைப் பக்கம் ஒரு அறக்கட்டளைச் சட்டக் கல்லூரியில், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கொடுக்கும் சில இடங்கள் இருந்தன. நேர்முகத் தேர்வில் எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் அவர்கள் அலுவலகத்துக்குப் போனது. அங்கேயும் என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார். மேற்படி மாணவியின் நடத்தை குறித்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும் என்று கடிதம் என் மேஜைக்கே வந்தது. அந்த ஒரு கடிதத்தில் நான் அவளைக் கரையேற்றியிருக்கலாம். 'நன்று' என்று ஒரு சொல். முதல்வர் கடித ஓரத்தில் பென்சிலில் 'பேசவும்' என்று எழுதியிருந்தார். போய்ப் பேசினேன். பதிலை இப்படி எழுதினேன்: 'மேற்படி மாணவியின் நடத்தை சான்றிதழில் குறிப்பிட்டுள்ளவாறே அமைந்திருந்தது.' இந்த ஒரு வரியை வைத்து யாரும் என்னை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த முடியாது. இடம் வேறு ஒருவருக்குப் போனது. குமுதா அந்தக் கோடையில் அம்மாவோடு உப்பு வாரப் போனாள்.

எப்படியோ விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். சட்டக் கல்லூரியில் யாரோ இரக்கப்பட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு வந்தது. எந்த விதியின் கீழ், யாருடைய பரிந்துரையின் பேரில், எந்த ஆவணத்தை வைத்து எனக்குத் 'திருப்தி' என்று எழுதினீர்கள், அந்த ஆவணத்தின் நகல் வேண்டும். பதில் தயாரித்தது நான்தான். 'மேற்கண்டவாறான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை.' முழு உண்மை. மேல்முறையீடு செய்தாள். அந்த விசாரணை கல்லூரிக் கல்வித் துறை அலுவலகத்தில் நடந்தது. உப்பு வெயிலில் கறுத்துப் போய், கையில் பிளாஸ்டிக் உறையோடு வந்திருந்தாள். விசாரித்த அம்மாள் என்னைப் பார்த்து எழுத்துப்பூர்வமாக ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அதத்தான் மேடம் நானும் கேக்கறேன்" என்றாள் குமுதா. "ஒண்ணுமே இல்லன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. ஒண்ணுமே இல்லாம இந்த வார்த்த எப்படி வந்துச்சு?"

தகவல் சட்டத்தில் இதற்கு மேல் தமக்கு அதிகாரமில்லை என்றார் அந்த அம்மாள். ஆனால் துறை அதிகாரி என்ற முறையில், சான்றிதழை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கல்லூரிக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். இதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. முதல்வர் மாலை, பொன்னாடை, வாழ்த்துமடல் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றிருந்தார்.

கல்வியின் பங்கு என்ன என்று மலர்க்குழு கேட்கிறது. அடுத்த வருட முகாமிலும் கிராம சபை வந்தது. வேறு ஊர், அதே மாதிரி நோட்டு. இந்தத் தடவை நான் வாங்கவில்லை. பிள்ளைகளே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கடத்தினார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. குமுதாவுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த பேட்ச் ரொம்ப அடக்கம் என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். அந்தப் பருவத் தேர்வில் கிராம சபையின் அதிகாரங்களை விவரிக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. எல்லோரும் முழுப் பதில் எழுதினார்கள் என்றும் அவரே சொன்னார்.

புதுச் சான்றிதழை வாங்கக் குமுதா வந்தபோது கம்பெனிச் சீருடையில் இருந்தாள். புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லா காலேஜுக்கு மறுபடி போடலாமே என்று கேட்டேன். இலவச இடத்துக்கு, படிப்பு முடித்த அதே வருடம்தான் விண்ணப்பிக்க முடியும், அம்மாவுக்கும் முட்டி போய்விட்டது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சான்றிதழை வரி வரியாகப் படித்தாள். கடைசிக் கட்டத்தில் இருந்த 'நன்று' மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "மொதல்ல எழுதினது பொய்யா சார், இப்ப எழுதியிருக்கிறது பொய்யா?"

"ரெண்டும் ஆபீஸ்ல எழுதறதும்மா" என்றேன். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். மாற்றுச் சான்றிதழை யாரும் மடிக்க மாட்டார்கள். அட்டை வைத்து, உறையில் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் அதைப் பஸ் டிக்கெட் மாதிரி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு 'நன்று' என்று எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவருடைய நடத்தையும் எனக்குத் தெரியாது. என் கண்ணெதிரே எழுந்து நின்று தன் நடத்தை இன்னதென்று காட்டியவள் ஒருத்திதான். அவள் ஒருத்திக்குத்தான் அந்தச் சொல்லை, மேலிடத்து உத்தரவு வந்த பிறகு எழுதினேன்.